ஏற்காடு ஏறும் ஹேர் ஸ்பிரிங்

லட்சக்கணக்கில் விலை போகும் மெக்கானிக்கல் வாட்ச்சில் தங்கமும் வைரமும் மேனாமினுக்கிதான். சரக்கு உள்ளே, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் நடுவில் முடிபோல மெல்லிசாகச் சுருண்டு கிடக்கும் ஹேர் ஸ்பிரிங். 1675-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் அதைக் கொண்டுவரும் வரை பைக் கடிகாரங்கள் பெரும்பாலும் மணி முள்ளோடுதான் வந்தன. அந்த லட்சணத்தில் ஓடுவதற்கு நிமிட முள் எதற்கு?

வெறும் எஃகு ஸ்பிரிங் சூட்டில் தளரும், குளிரில் விறைக்கும். 1 டிகிரி செல்சியஸ் மாறினால் நாளுக்குச் சுமார் 11 நொடி பிசகும். சேலம் வெயிலில் சரியாக ஓடிய பழங்கால வாட்ச் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 10 டிகிரி குறைந்த ஏற்காட்டு அறையில் மேசைமேல் கிடந்தால் நாளுக்கு 2 நிமிடம் போல முந்தும். கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூடு கொஞ்சம் காப்பாற்றும். நிக்கல் எஃகுக் கலவையால் இதற்கு வழி கண்ட சுவிஸ் விஞ்ஞானி கியோம் 1920-இல் இயற்பியல் நோபல் வாங்கினார்.

குளிர் தீர்ந்தது, காந்தம் பல வாட்ச்களில் தீரவில்லை. போன் ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த பர்ஸ் பக்கத்தில் வைத்தால் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். நீளம் குறைந்த ஸ்பிரிங் வேகமாக ஆடும். திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் திசைகாட்டியைப் பக்கத்தில் வையுங்கள். அதன் முள் விலகினால் காந்தம்தான். ரிப்பேர் கடையில் காந்தம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குப் போய் ஃபுல் சர்வீஸ் என்று பில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்காட்டுப் பனி கண்ணாடிக்கு வெளியே படிந்தால் துடைத்தால் போச்சு. உள்ளே படிந்தால் வாஷர் செத்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயவைக்காதீர்கள், ஆவியாகும் ஈரம் வெளியேறாமல் மெஷினுக்குள் போய்ப் படியும். அன்றே பின்மூடியைத் திறக்கக் கொடுங்கள். பெரும்பாலும் முதலில் துருப்பிடிப்பது சாவித் தண்டு. திருகும்போது நறநறவென்றால் அதுதான்.

சாவி கொடுக்கும்போது கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டில் பக்கவாட்டு அழுத்தம் விழும். கையால் சாவி கொடுத்தே ஓடும் வாட்ச் என்றால் பெரும்பாலும் 20, 30 சுற்றில் தடை தட்டும், அங்கே நிறுத்துங்கள்.

துல்லியம்தான் வேண்டுமென்றால் 1969-க்குப் பின் வந்த, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸே போதும். மெக்கானிக்கலின் ருசி வேறு. எச்.எம்.டி. ஜனதாவைக் காதருகே வையுங்கள்: தேய்மானம் குறைக்க 17 கல், நொடிக்கு 5 துடிப்பு, பேட்டரி கிடையாது. பழசாக வாங்கினால் பளபளக்கும் புது வண்ண டயலை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் பின்னால் அடித்த பெயின்ட்.