வி.எம். நெட்வொர்க்: பாக்கெட் எங்கே தொலைந்தது?

பழைய மேசைக் கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு, வி.எம். (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்ட உதவும் கேவிஎம்மும் அதை நிர்வகிக்கும் லிப்விர்ட்டும் நிறுவி, ஒன்றை ஓட வைத்தாயிற்று. அதில் இருக்கும் ஃபைல் சர்வரை வீட்டில் எல்லோருடைய போனிலும் திறக்க வேண்டும். இந்தச் சனி, ஞாயிறு முழுக்க அதற்கே போனது.

லிப்விர்ட் தானாக அமைத்துத் தரும் நெட்வொர்க்கில் வி.எம்.முக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். அங்கிருந்து இணையத்துக்குப் போகலாம். ஆனால் நேட்டுக்குப் பின்னால், அதாவது என் கணினியின் முகவரிக்குப் பின்னால் மறைந்து, இருப்பதால் போனிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. சும்மா சோதித்துப் பார்க்க இதுவே போதும்.

எனக்குத் தேவைப்பட்டது பிரிட்ஜ். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஸ்விட்ச் அது, வி.எம்.மை வீட்டு நெட்வொர்க்கிலேயே நேராகச் சேர்த்துவிடும். வி.எம். கிளம்பும்போது விநெட்0 என்று ஒரு டேப் இடைமுகம் (மென்பொருளாலான நெட்வொர்க் கார்டு) உருவாகும், வி.எம்.மிலிருந்து அந்த ஸ்விட்சுக்கு வரும் கேபிள் என்று அதை நினைத்துக்கொண்டேன். அப்புறம் எல்லாம் புரியத் தொடங்கியது.

முதலில் வைஃபையைப் பிரிட்ஜில் சேர்க்கப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆக்சஸ் பாயின்ட் தன்னிடம் இணைந்த சாதனத்தின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டுமே ஏற்கும். வி.எம்.முக்கோ 52:54:00 என்று தொடங்கும் தனி முகவரி. சரி என்று ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்தேன்.

எஸ்எஸ்எச்சில், அதாவது வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து, இருந்தபடியே ஈதர்நெட் கார்டை பிஆர்0 என்ற பிரிட்ஜில் சேர்த்ததும் இணைப்பு அறுந்தது. கார்டு பிரிட்ஜின் ஒரு போர்ட் ஆகிவிட்டால் ஐபி முகவரி பிரிட்ஜிடம்தான் இருக்க வேண்டும். மானிட்டரை மாட்டி, முகவரியை மாற்றிக் கொடுத்தேன்.

அப்படியும் வி.எம்.முக்கு ஐபி வரவில்லை. இதில்தான் ஞாயிறு காலை முழுவதும் போயிற்று. ரூட்டரைச் சந்தேகித்தேன், கேபிளை மாற்றினேன். கடைசியில், கடந்துபோகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) காட்டும் டிசிபிடம்ப்பை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தேன். விநெட்0-இல் டிஎச்சிபி கோரிக்கை (ரூட்டரிடம் ஐபி முகவரி கேட்பது) தெரிகிறது, பிஆர்0-இலும் தெரிகிறது, ஈதர்நெட் கார்டில் மட்டும் இல்லை! அப்படியென்றால் தடை என் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

அதே கணினியில், செயலிகளைத் தனித்தனி அறைகளில் வைப்பதுபோல் பிரித்து ஓட்டும் கன்டெய்னர் மென்பொருள் ஒன்றும் இருந்தது. அது ஃபயர்வாலின் ஃபார்வர்ட் விதியை, அதாவது கணினி வழியாகக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதியை, 'டிராப்' (கைவிடு) ஆக்கியிருந்தது. கூடவே பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூலும் ஏறியிருந்ததால், பிரிட்ஜுக்குள் ஓடும் பாக்கெட்டுகளும் ஐபிடேபிள்ஸ் என்ற அந்த ஃபயர்வால் வழியாகப் போய் அங்கே விழுந்துகொண்டிருந்தன. அந்த மாட்யூலின் சோதனையை அடியோடு நிறுத்தலாம். ஆனால் கன்டெய்னர்களுக்கு இடையிலான தடுப்பும் அதை நம்பியிருக்கலாம் என்பதால் அதைத் தொடவில்லை. பிஆர்0-இல் நுழைந்து பிஆர்0-இலேயே வெளியேறுவதை அனுமதிக்க ஒரே ஒரு விதி சேர்த்தேன். உடனே ரூட்டர் முகவரி கொடுத்துவிட்டது. எவ்வளவு நிம்மதி!

கடைசி வேலையாக, வி.எம்.முக்குள் தெரியும் நெட்வொர்க் கார்டு வகையை இ1000-இலிருந்து விர்ட்டியோவுக்கு மாற்றினேன். இ1000 ஒரு நிஜ இன்டெல் கார்டு போலவே நடிக்க வேண்டும். அந்த நடிப்பே பிராசசருக்குச் சுமை. விர்ட்டியோவில் அந்த வேலை இல்லை, இரு தரப்பும் நினைவகத்தில் பொதுவாக உள்ள வரிசைகள் வழியாக பாக்கெட்டுகளைக் கைமாற்றிக்கொள்கின்றன. லினக்ஸில் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. மாற்றியபின் உள்ளே இடைமுகத்தின் பெயரும் மாறியிருந்தது. நெட்வொர்க் கோப்பில் அதைத் திருத்த வேண்டியிருந்தது.

இரவு அம்மா தன் போனில் குடும்பப் படங்களைத் திறந்து பார்த்தார். அடுத்த வாரம் சோதனை வி.எம்.களைத் தனி விலானுக்கு (அதே கேபிளில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) பிரித்து வைக்கப் பார்க்கிறேன்.