ஸ்பெஷல் ஃபங்ஷன்களோடு ஒரு செமஸ்டர்

எம்.எஸ்சி ஃபிசிக்ஸ் முதல் செமஸ்டரில் எந்தப் பேப்பர் பயம் என்று கேட்டால், எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மேத்தமேட்டிக்கல் ஃபிசிக்ஸைத்தான் சொல்வார்கள். வெக்டர், மேட்ரிக்ஸ் எல்லாம் பி.எஸ்சியிலேயே பார்த்தவை, அந்த யூனிட்டுகள் ஓடிவிட்டன. ஸ்பெஷல் ஃபங்ஷன், அதாவது இயற்பியல் சமன்பாடுகளுக்குத் தீர்வாக அடிக்கடி வந்து தனிப்பெயர் பெற்ற சார்புகள், வந்ததும் வண்டி நின்றது. லெஜான்ட்ரே, பெஸ்ஸல், ஹெர்மைட், லாகர் என்று கணிதவியலாளர்களின் பெயர் தாங்கிய நாலு பேர். ஆளுக்கொரு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், ஒரு ஜெனரேட்டிங் ஃபங்ஷன் (தொடராக விரித்தால் முழு வரிசையையும் தருவது), ரெகரன்ஸ் ரிலேஷன்கள் (வரிசையில் அடுத்தடுத்தவற்றை இணைக்கும் சூத்திரங்கள்), ஆர்த்தோகனாலிட்டி (வெவ்வேறான இரண்டைத் தக்க வெயிட்டோடு பெருக்கி இன்டெக்ரேட் செய்தால் பூஜ்யம் என்பது) நிரூபணம். சீனியர் தந்த நோட்ஸில் எல்லாம் வரிசையாக இருந்தது, எதற்கு என்பது மட்டும் இல்லை. மனப்பாடம் செய்தால் மார்க் வரும். பரீட்சை முடிந்த மறுவாரம் ஒன்றும் நிற்காது.

எனக்கு வழி திறந்தது எலெக்ட்ரோடைனமிக்ஸ் பக்கமிருந்து. ஆதிப்புள்ளியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மின்னூட்டம். தொலைவில் அதன் மின்னழுத்தம் என்ன? கொசைன் விதிப்படி தூரத்தை எழுதி, அதன் தலைகீழியை இரு தூரங்களின் விகிதத்தில் தொடராக விரித்தேன். ஒவ்வொரு அடுக்குக்கும் கெழுவாக வந்து நின்றது லெஜான்ட்ரே! உருப்போட்டிருந்த ஜெனரேட்டிங் ஃபங்ஷன் இதுவேதான். முதல் உறுப்பு தனி மின்னூட்டம், அடுத்தது டைபோல் (இருமுனை), அதற்கடுத்தது குவாட்ரபோல் (நான்முனை). லெஜான்ட்ரேயும் 1780களில் ஈர்ப்புவிசைக் கணக்கு போடப்போய்த்தான் இவற்றைப் பிடித்திருக்கிறார்.

அதன்பின் வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் இயற்பியல் கணக்கு, பிறகு ஃபங்ஷன். வட்டமான சவ்வு அதிர்ந்தால் பெஸ்ஸல். குவாண்டம் ஹார்மோனிக் ஆஸிலேட்டருக்கு ஹெர்மைட். ஹைட்ரஜன் அணுவில் ஆரப்பகுதிக்கு லாகர், கோணப்பகுதிக்கு லெஜான்ட்ரே குடும்பம். ஆர்த்தோகனாலிட்டிக்கு நாலு தனித்தனி நிரூபணம் வேண்டாம், ஒன்றே போதும். நாலு சமன்பாடுகளுக்கும் பொதுவான ஸ்டர்ம்-லியூவில் வடிவத்தில் எழுதி, இரண்டு தீர்வுகளின் சமன்பாடுகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்து இன்டெக்ரேட் செய்தால் எல்லை உறுப்புகள் பூஜ்யமாகிவிடும், வேலை முடிந்தது. உடன் பெருக்கவேண்டிய வெயிட் ஃபங்ஷன் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. பெஸ்ஸலில் கொஞ்சம் கவனம் தேவை: அங்கே ஆர்டர் மாறாது, மாறுவது ஃபங்ஷனின் பூஜ்யங்கள்.

கலப்பெண் சார்புகளைப் பற்றிய காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் இதைவிடச் சுகம். ஒன்று கூட்டல் எக்ஸ் ஸ்கொயரைக் கீழே வைத்து மைனஸ் முடிவிலியிலிருந்து முடிவிலி வரை இன்டெக்ரேட் செய்தால் பை வரும் என்று டேன் இன்வர்ஸ் வழியாகவே தெரியும். சார்பு முடிவிலியாகும் புள்ளிகளைக் கொண்டே இன்டெக்ரலைக் கணக்கிடும் ரெசிட்யூ தேற்றத்தால் அதையே எடுத்துச் சரிபார்த்தேன். மேலே காஸ் எக்ஸ் சேர்த்தால் பழைய வழி கைவிரித்துவிடும். ரெசிட்யூவில் இரண்டே வரியில் பையை இ-யால் வகுத்த விடை.

சென்னை ஐஐடியில் வி. பாலகிருஷ்ணன் எடுத்த வகுப்புகள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பது வீண். அவர் அடுத்த வரி எழுதுவதற்குள் நிறுத்தி, நாமே எழுதிப் பார்க்கவேண்டும்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் பணிக்குமான தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் டெரிவேஷன் கேட்க மாட்டார்கள். ஆப்ஷன்தான், தப்பானால் மார்க் குறையும். அங்கே ஃபங்ஷன் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தே சில ஆப்ஷன்களை அடித்துவிடலாம். டென்சரைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது இன்னும் தகராறில்தான் இருக்கிறது.