மாப்பிசைகிற தொட்டி

இந்த ஞாயிறு, ஜனவரி 4, எங்கள் ஆலயத்தில் உடன்படிக்கை ஆராதனை. வருஷத்தின் முதல் ஞாயிறென்றால் அதுதான் வழக்கம். சபையார் எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் ஒரு ஜெபம் சொல்வோம். அதில் ஓரிடத்தில் மட்டும் எனக்குக் குரல் எழும்பாது. வாயை அசைத்து ஒப்பேற்றிவிடுவேன். பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரிக்கு இது தெரியும். இந்தத் தடவை முழங்கையால் ஓர் இடி இடித்தாள். வீட்டுக்கு வந்ததும் "அந்த எடத்துல மட்டும் உங்களுக்கு என்ன வருது?" என்று கேட்டாள். வாயால் பதில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் மாவு மில். ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், ஆறு கூப்பிடு தூரம். மாவுக்கு ஒரு கல் மிஷின், மிளகாய்க்கும் மல்லிக்கும் தனி மிஷின், இரண்டு மோட்டார். அப்பா ஆரம்பித்தது.

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து அடுக்கியிருக்கும். ஆளுக்கொன்று எடுத்து, அதிலிருக்கிற வசனத்தை அந்த வருஷத்துக்கான வாக்காக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட் மாதிரி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும். பெரியவர்கள் அதைவிட மோசம். பிடிக்காத வசனம் வந்தால் நைசாகத் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுக்கிறவர்கள் உண்டு. நானே ஒரு வருஷம் அப்படிச் செய்தேன். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று ஆரம்பித்த அட்டை அது. அடுத்த வரியைப் படிக்கக்கூட இல்லை.

2023-க்கு எனக்கு வந்தது வேதாகமத்தில் உபாகமம் 28:5. "உன் கூடையும், மாப்பிசைகிற உன் தொட்டியும் ஆசீர்வதிக்கப்பட்டிருக்கும்." மாவு மில்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மறுநாளே மெயின் போர்டு மூடியில் பசை தடவி ஒட்டிவிட்டேன். வருகிற ஆளிடமெல்லாம் காட்டினேன்.

டிசம்பர் மாதம்தான் எங்களுக்கு அறுவடை. கிறிஸ்துமஸுக்கு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து என்று ஊரே பலகாரம் சுடும். 16-ஆம் தேதி சனிக்கிழமை இருட்டும்வரை அரைத்தோம். வந்து எடுக்காதவர்களின் மாவு டின், திங்கள் அரைக்க வைத்த அரிசி என்று சுவரோரம் முப்பதுக்கு மேல் பாத்திரங்கள். மூடியில் சாக்பீஸால் பெயர் எழுதுவேன். ஞாயிறு மில் கிடையாது.

அந்த ஞாயிறு பெய்ததைப் பற்றி எல்லோரும் பேப்பரில் படித்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. அணைகளும் நிரம்பித் திறந்துவிட, ஆறும் குளங்களும் ஒன்றாகிவிட்டன. நாங்கள் பள்ளிக்கூட மாடியில் கிடந்தோம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதும், புதுக்குடி ஜனங்கள் அந்தப் பயணிகளுக்குப் பொங்கிப் போட்டதும் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். ஏரல் பாலம் சேதமாகி அந்தப் பக்கத்துப் போக்குவரத்தே அறுந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் கேட்டது.

தண்ணீர் வடிந்து மில்லின் ஷட்டரைத் தூக்கியபோது முதலில் வந்தது வாடை. மூன்று நாலு நாள் ஊறிய அரிசி மாவும் உளுந்த மாவும் ஆற்றுச் சேறும் சேர்ந்து புளித்துப்போன வாடை. இட்லி மாவு புளித்த மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு செத்த வாடையும் கலந்திருந்தது. தரை முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குச் சாம்பல் நிறக் களி. டின்கள் உருண்டு கிடந்தன. சாக்பீஸ் பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை. மெயின் போர்டு மூடி திறந்து தொங்கியது. அட்டை போன இடத்தில் பசைத் தடம் ஒரு சதுரமாக.

அந்தக் களியில் நின்றுகொண்டு நான் சிரித்தேன். மாப்பிசைகிற தொட்டி! ஊர் மாவையெல்லாம் ஒரே தொட்டியில் பிசைந்தாயிற்று.

சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான். வீட்டுக்குள் பரண்மேல் இருந்ததால் நனையாமல் தப்பிய வேதாகமத்தில் இராத்திரி உபாகமம் 28-ஐ எடுத்து முழுக்கப் படித்தேன். பன்னிரண்டு வசனம் தள்ளி, 17-ஆம் வசனத்தில் அதே கூடை, அதே தொட்டி: "சபிக்கப்பட்டிருக்கும்." அந்த அதிகாரத்தின் பின்பாதியை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. தூக்கம் போயிற்று. துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர் வேறு, "தசமபாகம் ஒழுங்கா குடுத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதுதான் தசமபாகம்.

எங்கள் பக்கம் சபைக் குருவை ஐயர் என்போம். அவரிடம் போய் இது சாபமா என்று நேராகவே கேட்டேன். அவர் ஆலயத்துக்குள்ளிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. நிமிராமலே, "அம்மன் கோயில் சுவத்துல தண்ணி நின்ன மட்டத்தப் பாத்தீங்களா? நம்ம சுவத்தையும் பாருங்க. பள்ளிவாசல்லயும் போய்ப் பாருங்க" என்றார். பிறகு லூக்கா 13-ஐ வாசிக்கச் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிற இடம். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு மண்வெட்டியைக் காட்டினார். நானும் வழித்தேன்.

அந்த 31-ஆம் தேதி இராத்திரி அட்டை இல்லை. அறையில் வைத்திருந்த கட்டு நனைந்து செங்கல் மாதிரி ஒட்டிப் போயிருந்தது. சங்கீதம் 90 வாசித்தார்கள், பாட்டு, ஜெபம், முடிந்தது. வாசலில் ஓர் ஆச்சி ஐயரை மறித்துக்கொண்டு, "எனக்கு இந்த வருஷத்துக்கு வசனம் வேணும்ல்லா ஐயா" என்று விடவே இல்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், இத வச்சிக்கிடுங்க ஆச்சி." "அது போன வருஷமே எனக்கு வந்துட்டே!"

இனி அந்த ஜெபத்துக்கு வருகிறேன். இது திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய ஆங்கிலிக்கன் சபைகளின் வழக்கம் இல்லை, மெதடிஸ்ட்காரர்களின் சொத்து. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் 1,800 பேரோடு முதலில் இதை நடத்தினார். வார்த்தைகளை அவரும் ரிச்சர்ட் ஆலைன் என்ற பழைய பியூரிட்டன் குருவிடமிருந்து எடுத்ததுதான். பின்னால் அது புத்தாண்டு வழக்கமாகிவிட்டது. 1947 செப்டம்பர் 27-இல் மெட்ராஸில் எல்லோரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, மெதடிஸ்ட்கள் கொண்டுவந்த சீதனம் இது என்று எங்கள் ஐயர் சொல்வார். புத்தகத்தில் இருப்பது பழைய நடை. என் வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான்: நான் இனி எனக்குச் சொந்தமில்லை, உமக்குச் சொந்தம். உமக்கு இஷ்டமான வேலையில் வையும், உமக்கு இஷ்டமானவர்களோடு சேர்த்து வையும். பாடுபட வையும். வேலை கொடும், அல்லது ஒதுக்கி வையும். நிரப்பும், அல்லது வெறுமையாக்கும்.

இருபது இருபத்தைந்து வருஷமாக இதை நான் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024 ஜனவரி 7-ஆம் தேதி "ஒதுக்கி வையும்" என்ற இடத்தில் குரல் நின்றது. பாடுபட வையும் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். பாடுபடுகிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒதுக்கி வைக்கப்பட்டவனுக்கு என்ன இருக்கிறது? இரண்டு மோட்டாரும் தூத்துக்குடியில் காயில் கட்டுகிறவரிடம் கிடந்தன. மாவட்டத்து மோட்டார் பூராவும் அங்கேதான் கிடந்தது. என்னுடையது 61-ஆம் நம்பர் சீட்டு. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய் வீட்டுக்கே காணவில்லை. பொங்கலுக்கு எட்டு நாள். ஷட்டரை இறக்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் கண்முன்னாலேயே என் வாடிக்கைக்காரர்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போனார்கள்.

மேட்டுத்தெருவில் இன்னொரு மில். அங்கே தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. அந்த அண்ணாச்சிக்கும் எனக்கும் பதினைந்து வருஷமாகப் பேச்சு கிடையாது; கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தார் என்பதுதான் காரணம். சபைக்காரரும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மிஷினுக்குச் சாம்பிராணி போடுகிறவர். எனக்கு ஆத்திரம் தண்ணீர்மேல்கூட இல்லை, அவர்மேல்தான். யோவான் 21-இல் பேதுரு இன்னொரு சீஷனைக் காட்டி, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்று கேட்பான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வரும். எனக்கு அந்த "உனக்கென்ன" எரிச்சலாக இருந்தது. எனக்கென்னவா? என் பிழைப்பு!

எட்டாம் தேதி காலையில் அவரே ஆள் அனுப்பினார். போனேன். விசுவாசத்தினால் போனேன் என்று சாட்சி சொல்ல ஆசைதான். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் போனேன்.

"தம்பி, கூட்டம் தாங்கல. பையன் ஒருத்தன்தான் நிக்கான். உங்க ஆளுவளும் இங்கதான் வாராவ. நீங்க வந்து நின்னா, உங்க ஆளுவ அரைச்ச காசு உங்களுக்கு. கரண்டுக்கு மட்டும் எடுத்துக்கிடுதேன்."

ஐம்பத்தொரு வயதில், சொந்த மில் வைத்திருந்தவன், அடுத்தவன் மில்லில் எடுபிடி. சீஷன் என்கிற வார்த்தையைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு வீட்டுத் தமிழ் எடுபிடிதான் என்று அன்றைக்குத் தோன்றியது. முதல் நாள் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். மாவு படாமலிருக்க என்று ஒரு சாக்கு.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒன்றைக் கவனித்தேன். மில்லில் மாவு வந்து விழுகிற வாயில் ஒரு துணிக்குழாய் கட்டியிருக்கும். அரிசி தீர்ந்த பிறகும் மிஷினுக்குள்ளும் துணியிலும் கொஞ்சம் மாவு தங்கும். ஒரு கைப்பிடி இருக்கலாம், கூடவும் இருக்கலாம். அண்ணாச்சி மிஷினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுவார். அப்புறம் துணிக்குழாயை இரண்டு கையாலும் மேலிருந்து கீழாக உருவி, மூன்று தட்டு. டப், டப், டப். கடைசித் தூள்வரை அந்த ஆளின் டின்னிலேயே விழும். வரிசையில் இருபது பேர் நின்றாலும் அந்த மூன்று தட்டு உண்டு.

நான் தட்டியதில்லை. என் அப்பாவும் தட்டியதில்லை. சாயங்காலம் மிஷினைக் கழற்றித் தூத்து எடுத்தால் நாளுக்கு இரண்டு மூன்று கிலோ தேறும். மாட்டுக்குப் போடுவோம், மிச்சத்தை விற்போம். இதைத் திருட்டு என்று எவனும் சொல்லமாட்டான். எல்லா மில்லிலும் நடப்பது. நானும் பதினைந்து வருஷம் சபைக் கமிட்டியில் இருந்தவன், காணிக்கைப் பையைச் சுமந்தவன். எனக்கு யாரும் இதைப் பிரசங்கிக்கவில்லை. சாம்பிராணி வாசத்துக்கு நடுவில் அந்த டப் டப் சத்தம் போதுமாயிருந்தது. "ஏன் அண்ணாச்சி இம்புட்டு மெனக்கெடுதிய?" என்று கேட்டேன். "அவ்வொ அரிசில்லா தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் மோட்டார்கள் வந்தன. இரண்டுக்கும் சேர்த்து 18,500 ரூபாய், பேரிங் தனி. மில்லை மறுபடி ஓட்டின முதல் நாள் துணிக்குழாயைத் தட்டினபோது என் கை எனக்கே நாடகம் மாதிரித் தெரிந்தது. இப்போது பழகிவிட்டது. சாயங்காலம் தூத்தால் அரைக் கிலோ வந்தால் அதிகம். மாட்டை விற்றுவிட்டோம், அதற்குக் காரணம் இது மட்டுமில்லை.

புத்தாண்டுக்கு முந்தைய வாரம் போனில் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இது உங்களுக்கு இரட்டிப்பின் வருஷம், கதவுகள் திறக்கும் வருஷம், கடன் தீரும் வருஷம். இந்தப் பேச்சு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதற்காக அட்டை எடுப்பதை நான் விடவில்லை. 31-ஆம் தேதியும் எடுத்தேன், சட்டைப் பையில் இருக்கிறது. போர்டில் மட்டும் ஒட்டுவதில்லை. கிறிஸ்துவை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு அட்டையை இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி நம்பியவன் நான். இப்போது எதை நம்புகிறாய் என்று கேட்டால், மில்லை மூடிவைத்திருந்த அந்த நாட்களில் அவர் என்னை அண்ணாச்சியின் மில்லில் கொண்டுபோய் நிறுத்தினார் என்பதை நம்புகிறேன். அப்போது தெரியவில்லை. பின்னால் நடக்கிறவனுக்கு முன்னால் போகிறவரின் முதுகுதானே தெரியும்.

ஆகவே என் வீட்டுக்காரியே, அந்த இடத்தில் எனக்கு வருவது பயம். ஜெபத்தின் அர்த்தம் தெரியாமல் இல்லை. சொன்னால் நடத்திவிடுவார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டேன். அடுத்த வருஷம் சொல்ல முயற்சி செய்கிறேன். இடிக்காதே.

வெள்ளத்தில் போன மாவுக்கெல்லாம் அந்தந்த வீட்டுக்குக் கணக்குப் பார்த்து அரைத்துக் கொடுத்துவிட்டோம். பாதிப் பேர் வாங்கவே மாட்டேன் என்றார்கள். ஒரே ஒரு அலுமினியத் தூக்குவாளிக்கு மட்டும் ஆள் யாரென்று தெரியவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்கும். அடியில் ஒரு சொட்டை, பிடியில் நீல ஒயர் சுற்றியிருக்கும். கழுவி ஆணியில் மாட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை தூசி தட்டி மறுபடி மாட்டினேன். யாராவது தேடி வந்தால் மூன்று கிலோ முறுக்கு மாவு பாக்கி.