கொட்டானில் உப்பும் சவர்டோ

சவர்டோ என்பது கடை ஈஸ்ட் போடாமல், புளித்த மாவைக் கொண்டே உப்பவைக்கிற ரொட்டி. அதன் மாவுக்குத் தண்ணீர் அதிகம். அரைக்கிலோ மாவுக்கு 350 மில்லி ஊற்றிப் பிசைகிறோம். உருட்டி வெறும் தட்டில் வைத்தால் உப்புவதற்கு முன்பே படர்ந்துவிடும். பக்கவாட்டில் தாங்கி மேல்நோக்கி எழும்ப வைக்கத்தான் கூடை. வெளிநாட்டில் இதற்கென்றே பிரம்பில் செய்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பனையோலைக் கூடையான கொட்டான் வீட்டுக்கு வீடு இருக்கிற காரைக்குடியில் நான் ஏன் பிரம்பைத் தேட வேண்டும்?

ஆனால் எல்லாக் கொட்டானும் ஆகாது. சீருக்கு வரும் சாயக் கொட்டான் கண்ணுக்கு அழகு, ஈர மாவுக்கு வேண்டாம். சாயம் ஏற்றாத ஓலையில், வாய் 9 அங்குலம் இருக்கும்படி முடையச் சொன்னேன்.

"எதுக்குத்தா இது?"

"ரொட்டி மாவு வைக்கக்கா."

"ஓலையில ஈரம் இஞ்சாதே, ஒட்டிக்குமே!"

முடைகிறவருக்குத் தெரியாதா! பிரம்பு மாவின் மேல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பனையோலை வழவழப்பு, இழுக்காது. அந்த வேலையைத் துணிதான் செய்ய வேண்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, கஞ்சி போக அலசிக் காயவைத்து உள்ளே விரிக்கிறேன். இட்லித் துணியை நனைத்துப் போடுவோம், இது மொடமொடவென்று காய்ந்திருக்க வேண்டும். அதன்மேல் அரிசி மாவு. மைதா தூவினால் ஈரம் பட்டுப் பசையாகிவிடும். அரிசி மாவில் குளூட்டன் இல்லை, ஒட்டாது. இடியாப்பத்துக்கு வறுத்துச் சலித்து வைத்திருப்போமே, அதுதான் அருமை. உள்ளங்கையால் தேய்த்தால் இழை இடுக்கிலெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உருண்டையின் மடிப்பு மேலே பார்க்க வையுங்கள், கவிழ்க்கும்போது அது அடிக்குப் போய்விடும். நம்ம ஊர் வெக்கைக்கு வெளியே விட்டால் புளித்துத் தளர்ந்துபோகும். கொட்டானோடு பாலித்தீன் பையில் நுழைத்து ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வைத்தால், காலையில் மாவு இறுகி நிற்கும், சுடுவதற்கு முன் மேலே போடும் பிளேடு கீறலும் பிசிறில்லாமல் விழும். துணியை உரிக்கும்போது பாருங்கள், ஓலைப் பின்னலின் கட்டங்கள் மாவில் லேசாகப் பதிந்திருக்கும். எனக்கு அதைப் பார்ப்பதற்காகவே ரொட்டி சுடலாம்.

கொட்டானைக் கழுவாதீர்கள். மாவைத் தட்டிவிட்டு வளவு வெயிலில் காயப் போடுங்கள். ஈரத்தோடு எடுத்து வைத்தால் பூஞ்சணம் பூத்துவிடும். துணியைச் சோப்புப் போடாமல் அலசினால் போதும்.

முடையச் சொல்வதென்றால் முகூர்த்த மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் சீர்க் கொட்டானுக்கே அவர்களுக்குக் கை ஒழியாது.