கொடுங்கை ஒருவழியாக வளைந்தது: வேலூர்க் கோட்டை கோபுரம், 1:50

கொடுங்கை, அதாவது கோபுரச் சுவரிலிருந்து வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பு, வந்துவிட்டது. கல்ஹாரத்தின் (கோபுரத்தின் கல்லாலான கீழ்ப்பகுதி) உச்சியில் ஓடும் முதல் வரிசை முழுசாக, மூலைகள் சேர்ந்து, அடியில் குழிவோடு நிற்கிறது. மேஜை விளக்கை மேலே தூக்கிப் பிடித்தால் சுவரில் நிழல் ஒரே கோடாக விழுகிறது. இந்த நிழலுக்காகத்தான் இத்தனை பாடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: செய்துகொண்டிருப்பது ஜலகண்டேஸ்வரர் கோயிலின் ஏழுநிலை ராஜகோபுரம். நிஜத்தில் நூறடிக்கு மேல், என் மேஜையில் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். அடித்தளமான உபபீடம், அதிஷ்டானம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) பட்டைகளை அடுக்கினால் அடித்தளத்து வரிகளான ஜகதியும் பட்டிகையும் தானாக வந்துவிடும். அரைத்தூண்களுக்குக் குடியாத்தத்திலிருந்து மருந்து தோய்க்காத தீக்குச்சி வாங்கி வந்தேன். ஒரு மூட்டை இருக்கிறது, ஆயுசுக்கும் போதும்.

சிக்கல் பிரஸ்தரத்தில்தான், அதாவது தூண்களுக்கு மேலே கொடுங்கை உட்காரும் பகுதியில். பலர் செய்யும் மாதிரிகளில் கபோதத்தை (கொடுங்கைக்கு இன்னொரு பெயர்) ஒரு அரைவட்டப் பட்டையாக ஒட்டிவிடுகிறார்கள். மேல் வளைவு சரியாக இருக்கும், அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அதனால் கோபுரம் முழுக்க இட்லித் தட்டு அடுக்கின மாதிரி ஆகிவிடுகிறது. கொடுங்கை சுவரைவிட்டு வெளியே வந்து, கீழே சாய்ந்து, நுனியில் லேசாக மேலெழும்ப வேண்டும். உள்பக்கம் குடைந்திருக்க வேண்டும். ஸ்தபதிகள் அந்தக் காலத்தில் வேலை ஒப்புக்கொள்ளும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்களாம். முன்பெல்லாம் அதைக் கேட்டால் சிரிப்பேன். இப்போது நானே அப்படி ஒரு பத்திரம் எழுதத் தயார்.

முப்பரிமாண அச்சில் எடுத்துவிடலாமே என்று ஒரு தம்பி கேட்டார். எடுத்தும் கொடுத்தார். வளைவில் படிப்படியாக வரி தெரிகிறது. அதைத் தேய்த்து எடுப்பதற்குள் நுனி மழுங்கிவிடும். எனக்குச் சரிப்படவில்லை.

கடைசியில் கைகொடுத்தது கட்டட வேலைக்காரர்களின் பழைய வழிதான். வேண்டிய வடிவத்தைத் தகட்டில் வெட்டி, மரக்கட்டையில் பொருத்தி, ஈரமான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மேல் இழுப்பது. தகரம் வேண்டாம், இரண்டு இழுப்பில் வளைந்துவிடும். பித்தளைத் தகடு வாங்குங்கள். ரம்பத்தால் தோராயமாக வெட்டிவிட்டு அரைவட்ட ஊசி அரத்தால் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அராவுவதில் பொறுமை காட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி. தகட்டின் ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு பிசிறும் பட்டை முழுக்கக் கீறலாக ஓடும்.

பட்டையை நிற்க வைத்து இழுக்காமல், சுவரில் ஒட்ட வேண்டிய முதுகுப் பக்கம் கண்ணாடியில் படியும்படி படுக்க வைத்தேன். இப்படி வைத்தால் மேல் வளைவு ஒரு பக்கம், அடிக்குழிவு மறுபக்கம், இரண்டையும் ஒரே தகடு இழுத்துவிடுகிறது. ஆனால் தகட்டை மேலே தூக்கக் கூடாது. கடைசிவரை இழுத்துப் போய் முனை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடிக்குத் தேங்காய் எண்ணெய் போதும். நுனிக்கு உள்ளே மருந்துக்கடைக் காஸ் துணியைக் கீற்றாக வைத்து இழுத்தால், வெட்டும்போது நுனி பெயர்வதில்லை.

இதில் யாரும் சொல்லாத விஷயம் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கலந்தால் பிளாஸ்டர் அவசரமாக இறுகுகிறது. உப்பு அதிகம், வேறென்ன. இரண்டாவது இழுப்புக்குத் தகட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் கட்டியாகிவிட்டிருக்கும். கேன் தண்ணீருக்கு மாறினேன், அதில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு சிட்டிகை. தாராளமாக நேரம் கிடைக்கிறது. சிட்டிகைக்கு மேல் போட்டால் இறுகினாலும் பட்டை சுண்ணாம்பாக உதிரும். இன்னொன்று, பிளாஸ்டர் இறுகும்போது மயிரிழை உப்பும். அதனால் கடைசி இழுப்பில் தகடு பிடித்து நிற்கும். அப்போது அழுத்தக் கூடாது. தண்ணீர் தெளித்து, மேலோட்டமாக இழுத்தால் பளிங்கு மாதிரி வழவழப்பு வரும்.

மூலைகள் தனிக் கதை. கோபுரச் சுவர் நேராக ஓடுவதில்லை, நடுப்பத்தி முன்னே வரும், பக்கம் உள்ளே போகும். அத்தனை திருப்பத்திலும் கொடுங்கையும் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றும் 45 பாகையில் வெட்டு. உலர்ந்த பட்டையை வெட்டாதீர்கள், நனைத்துவிட்டு வெட்டினால் தூசியும் இல்லை, பெயர்வதும் இல்லை. வெளி மூலைகளில் இணைப்புக் கொஞ்சம் தெரிந்தாலும் கவலை இல்லை, அங்கே கொடிக்கருக்கு (கொடி மாதிரியான செதுக்கல்) வந்து உட்காரும். உள் மூலைகளுக்கு அந்த வசதி கிடையாது.

வடிவத்தை எங்கே எடுத்தேன் என்று கேட்பீர்கள். பாதி, கோட்டைக்குள் நின்று தூரத்திலிருந்து ஜூம் வைத்து எடுத்த படங்கள். மீதி, பல காலம் சாமி இல்லாமல் கிடந்த கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்ப வந்து பூஜை தொடங்குவதற்கு முந்தைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் கண்ணைக் குழப்பாததால் அவற்றில் நிழல்கோடு நன்றாகப் பிடிபடுகிறது. இப்போதெல்லாம் கும்பாபிஷேகம் என்றால் பளபளக்கிற பெயின்டை அடித்துவிடுகிறார்கள். கொடுங்கை ஒரு நிறம், அதன்மேல் வரும் வளைவு அலங்காரமான கூடு ஒரு நிறம், யாழி வரி ஒரு நிறம். செதுக்கினவன் நிழலில் சொன்னதெல்லாம் போய்விடுகிறது. பொதுவாகச் சொல்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

பொருள் வாங்குகிறவர்களுக்கு: ஓவியக்கடை ஒரு கிலோ பாக்கெட் வேண்டாம், ஃபால்ஸ் சீலிங் கடையில் மூட்டையாக வாங்குங்கள். கூடு, கலசம் போன்ற சின்ன வார்ப்புகளுக்கு டென்டல் ஸ்டோன்தான் ராஜா. ஆஸ்பத்திரி ஊரில் இருப்பதன் பலன், பல் மருத்துவப் பொருள் விற்கிற கடை கிடைப்பது சுலபம். ஆம்பூர்ப் பக்கம் போனால் தோலில் ஓட்டை போடும் பஞ்ச் செட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வட்டம் வெட்ட அதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்கா நவராத்திரி கொலுவுக்குக் கேட்டிருக்கிறார். மேலே ஆறு நிலை பாக்கி என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். நிலை ஏற ஏற எல்லாம் சுருங்குவதால் கொடுங்கையும் சின்னதாகும், ஒவ்வொன்றுக்கும் வேறு தகடு அராவ வேண்டும். இதற்குள் மனசு பக்கத்து ஊர் விரிஞ்சிபுரத்துக் (திருவிரிஞ்சை) கோயிலுக்குத் தாவிவிட்டது. 'திருவிரிஞ்சை மதிலழகு' என்று சும்மாவா சொன்னார்கள்! நீளமாக ஒரு மதில், கொடுங்கை வேலையே இல்லை. அதற்கு எம்.டி.எஃப். வாங்கியும் வைத்துவிட்டேன். கல்யாண மண்டபத்து யாழித் தூண்களைச் செய்யச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். இரண்டாம் நிலைத் தகட்டுக்குக் கோடு போட்டாகிவிட்டது, அரம்தான் மழுங்கிவிட்டது, லாங் பஜாரில் புதிதாக ஒன்று பார்க்க வேண்டும்.