குழாயடிப் பள்ளமும் இரண்டு கணக்குகளும்

சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரின் கீழத்தெருவில், சின்னம்மா வீட்டு வாசலில் இரண்டரை அடி ஆழத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் இறங்க இரண்டு செங்கல் படிகள், அடியில் குடம் வைக்க ஒரு சப்பட்டைக் கல், கல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குழாய். அரசு போட்டுக் கொடுத்தபோது இந்தக் குழாய் சிமென்ட் கட்டைக்கு நடுவே முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பும் நீர் மேலத்தெருவையும் நடுத்தெருவையும் தாண்டிக் கடைசியாக வரும் தெரு என்பதால் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. ஆகவே கட்டையை உடைத்துக் குழாயைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தத் தெருவில் பாதி வீடுகளின் வாசலில் இதே பள்ளம்தான்.

கடந்த ஐப்பசி மழையில் இந்தப் பள்ளங்கள் நிறைந்தன. நிறைந்தது மழை நீர் மட்டுமாக இருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். தெருவின் சாக்கடை வாய்க்காலான வாறுகால் பாதி தூரத்தில் முடிந்துபோவதால், ஒவ்வொரு வீட்டின் குளியலறை நீரும் பாத்திரம் கழுவிய நீரும் கடைசி வீடுகளின் வாசலில் வந்து தேங்கி, அங்கிருந்து பள்ளத்துக்குள் இறங்கின. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் திறந்துவிடும் ஊரில், வால்வை மூடியதும் குழாய்க்குள் இருக்கும் நீர் வடிந்து ஓர் உறிஞ்சல் உண்டாகும். குழாயின் வாய் அழுக்கு நீருக்குள் மூழ்கியிருந்தால் அந்த நீர் உள்ளே போகும். அடுத்த முறை திறக்கும்போது முதல் இரண்டு குடம் நாறுவது இதனால்தான். "ஏப்பா, காவேரித் தண்ணியா இது, நம்ம வீட்டுச் சலதாரைத் தண்ணியா?" என்று சின்னம்மா என்னிடம் கேட்டார். அவர் கேட்டது கேலிக்காக என்றாலும், விடை இரண்டும்தான்.

இந்த ஊருக்குக் குடிநீருக்காகவும் கழிவுநீருக்காகவும் அரசுப் பணம் வந்திருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு திட்டங்களின் பெயரில், வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு அதிகாரிகளின் கையெழுத்தில் வந்தன. நீர் உள்ளே வருவதற்கு ஒரு கணக்கும் வெளியே போவதற்கு இன்னொரு கணக்கும் இருக்க, அவை இரண்டும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்ட இடம் சின்னம்மா வீட்டுப் பள்ளம்.

உள்ளே வரும் கணக்கை முதலில் பார்க்கலாம். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பும், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரும் தருவதை இலக்காகக் கொண்டது. அப்போதைய மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஒன்றியமும் மாநிலமும் பாதிப் பாதி போட வேண்டும். இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு 90:10. கிராமத்துக்குள் அமையும் கட்டமைப்பின் மூலதனச் செலவில் 10 சதவீதத்தை ஊர் மக்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றும், மலைப்பகுதிகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் அது 5 சதவீதம் என்றும் விதி.

திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டின் ஏறத்தாழ 1.25 கோடி ஊரக வீடுகளில் சுமார் 22 லட்சம் வீடுகளுக்கே இணைப்பு இருந்தது. பின்னர் அது ஒரு கோடியைத் தாண்டியது. இதைச் சிறிய வேலை என்று சொல்பவர்கள், தெருமுனைக் குழாயில் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் குடம் போட்டுக் காத்திருந்ததில்லை என்று பொருள். எனக்கு இந்தத் திட்டத்தின் மீது குறை சொல்லும் ஆசை இல்லை. அது எதைக் கணக்கில் எடுத்தது, எதை எடுக்கவில்லை என்பதே என் கவலை.

எண்ணப்பட்டது இணைப்பு. குழாய் நட்டு, புகைப்படம் எடுத்து, இணையத்தில் ஏற்றினால் ஒரு வீடு முடிந்தது. அந்த இணைப்பில் நீரை ஓட வைக்க ஆகும் செலவு ஊராட்சியின் தலையில் விழுகிறது. எங்கள் பக்கம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்குக் கணக்கு எண் 1, கணக்கு எண் 2, கணக்கு எண் 3 என்பவை தெரிந்திருக்கும். முதலாவது பொது நிதி, மூன்றாவது திட்ட நிதி. இரண்டாவது, மின் கட்டணமும் கூட்டுக் குடிநீருக்கான கட்டணமும் கட்டுவதற்கென்றே ஒதுக்கியது. மாநில அரசின் நிதிப் பகிர்விலிருந்து வரும் பணத்தில் ஒரு பகுதி வேறெதற்கும் தொட முடியாதபடி இந்த இரண்டாம் கணக்கில் போடப்படுகிறது என்பதே, நீரேற்றும் மோட்டாரின் மின் கட்டணம் ஊராட்சிகளை எந்த அளவுக்கு அழுத்துகிறது என்பதற்குச் சான்று. கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிடுவார்கள் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த ஏற்பாடு அது.

தொட்டி இயக்குபவரின் சம்பளத்துக்கு அப்படி ஓர் உறுதியும் இல்லை. எங்கள் ஊரில் அந்த வேலையைப் பார்க்கும் அண்ணன், டி வடிவ இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நாளில் பதினோரு வால்வுகளைத் திறந்து மூடுகிறார். மாதத்தில் 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிவிட்டு, கழுவிய நாளைத் தொட்டியின் தூணில் பெயின்ட்டால் எழுதுகிறார். ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுகிறார். கீழத்தெருவுக்கு வரும்போது குளோரின் மிச்சமிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கான சோதனைப் பெட்டி அலுவலக அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்ததை நானே பார்த்தேன். பெட்டி வாங்கப் பணம் இருந்தது. பார்க்கச் சொல்லி ஒருவரை அமர்த்தப் பணம் இல்லை.

இப்போது வெளியே போகும் கணக்கு. வீட்டுக்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் சாக்கடை வடிவமைக்கும்போது எடுத்துக்கொள்ளும் பொதுக் கணக்கு. இரண்டாயிரம் பேர் வாழும் ஓர் ஊருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 1,10,000 லிட்டர் வந்தால், 88,000 லிட்டர் தெருவுக்குப் போகும். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏழு தினமும் வந்து ஊருக்குள் கொட்டிவிட்டுப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தெருக் குழாயில் நான்கு குடம் பிடித்த காலத்தில் இந்த நீர் இல்லை. முற்றத்து வாழையும் முருங்கையும் குடித்தது போக மிச்சம் இருக்காது. குழாய் வீட்டுக்கு வந்த பிறகுதான் சாக்கடை ஒரு பிரச்சினையாக வந்தது. ஆகையால் இது குடிநீர்த் திட்டத்தின் விளைவு. அதன் மதிப்பீட்டிலேயே முழுதாக இடம்பெற்றிருக்க வேண்டிய செலவு.

ஆனால் அந்தச் செலவுக்கான பணத்தின் பெரும்பகுதி தூய்மை இந்தியா ஊரகத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 2020–21 முதல், தனியாக வந்தது. ஐயாயிரம் பேர் வரை உள்ள ஊருக்குச் சாம்பல் நிறக் கழிவுநீர் மேலாண்மைக்கு நபருக்கு 280 ரூபாய் வரை, அதற்கு மேற்பட்ட ஊருக்கு 660 ரூபாய் வரை. (மலம் கலக்காத குளியல், சமையல், துவைப்பு நீருக்கு அரசு ஆவணங்கள் வைத்திருக்கும் பெயர்தான் சாம்பல் நிறக் கழிவுநீர், எங்கள் தெருவில் அதன் நிறம் வேறு.) இரண்டாயிரம் பேருக்கு 5,60,000 ரூபாய். இதில் 30 சதவீதமான 1,68,000 ரூபாயை ஒன்றிய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி தனக்கு வரும் மானியத்திலிருந்து ஊராட்சியே எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சியதை ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்று பிரித்துக்கொள்ளும்.

இதையும் குடிநீர்ப் பணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 3.60 லட்சம் கோடியை, 2019-இல் குழாய் இல்லாதிருந்த சுமார் 15, 16 கோடி வீடுகளுக்குப் பங்கிட்டால், சராசரியாக வீட்டுக்கு 22,000 ரூபாய்க்குக் குறையாது. நான்கு பேர் உள்ள அதே வீட்டின் கழிவுநீருக்கு 1,120 ரூபாய். இந்த ஒப்பீடு முழு நியாயமானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து எங்கள் வறண்ட மாவட்டங்களுக்கு நீரைக் கொண்டுவர நெடுந்தூரக் குழாயும் நீரேற்று நிலையங்களும் வேண்டும். கழிவுநீரை அது பிறக்கும் வீட்டின் கொல்லையிலேயே ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழி வெட்டிக் கற்களை நிரப்பி மண்ணுக்குள் இறக்கிவிடலாம். நூறு நாள் வேலைத் திட்டத்திலும் இப்படிப்பட்ட உறிஞ்சு குழிகள் ஏராளமாக வெட்டப்பட்டன. செலவு குறைவாக இருப்பது பிழையல்ல. கொல்லையே இல்லாத கீழத்தெரு வீட்டுக்கும் அதே 280 ரூபாய்தான் என்பதே பிழை. சுவரோடு சுவர் ஒட்டி, வாசலைத் தவிர வேறு மண் இல்லாத வீடுகளுக்கு வாறுகாலை ஊருக்கு வெளியே வரை நீட்டி, ஒரு பொதுக் குழியிலோ, கழிவுநீரைத் தேக்கித் தெளிய விடும் நிலைப்படுத்தும் குட்டையிலோ சேர்க்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், ஒப்புதல் வேண்டும், மண்வாட்டம் பார்க்க ஒரு பொறியாளர் வேண்டும். பணம் வந்த ஆண்டில் எங்கள் ஊரில் அந்த மூன்றும் ஒன்றாக அமையவில்லை. வாறுகால் பாதியில் நின்றது.

கழிப்பறைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தின் முதல் கட்டம் வீட்டுக்கு 12,000 ரூபாய் தந்தது. அந்தத் தொகைக்கு ஏற்றது இரட்டைக் குழிக் கழிப்பறை: ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டால், மூடிய குழி ஒன்றிரண்டு ஆண்டில் உரமாகிவிடும். எங்கள் பக்கம் யாரும் அதை மதிக்கவில்லை. கடன் வாங்கியாவது 'பெரிய செப்டிக் டேங்க்' கட்டினார்கள், அல்லது ஒரே குழியில் பத்து சிமென்ட் உறை இறக்கினார்கள். அவை இப்போது நிறையத் தொடங்கியிருக்கின்றன. உறிஞ்சும் லாரி வருகிறது, எடுக்கிறது, போகிறது. எங்கே போகிறது என்று கேட்டால் ஓட்டுநர் கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டிச் சிரிக்கிறார். மலக்கசடு மேலாண்மைக்கு நபருக்கு 230 ரூபாய் வரை இரண்டாம் கட்டத்தில் இடமுண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் 2017 முதலே கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. வழி தெரியாத வேலை அல்ல. ஊராட்சிகள் பல சேர்ந்து பக்கத்து நகரத்தின் நிலையத்துக்கு லாரியை அனுப்ப ஒப்பந்தம் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு கணக்கும் ஒரே உறைக்குள் வந்த பணம் ஒன்று உண்டென்றால் அது பதினைந்தாவது நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரை நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம், குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டிய கட்டுப்பட்ட மானியம். அதிலும் சரிபாதி குடிநீருக்கு, சரிபாதி சுகாதாரத்துக்கு. எழுதியவர்கள் இரண்டையும் சமமாகவே நினைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்ததும் குடிநீர்ப் பாதி மோட்டார் பழுதுக்கும் குழாய் உடைப்புக்கும் முழுதாகக் கரைந்தது. சுகாதாரப் பாதியில் பெரும்பங்கு குப்பைக்குப் போனது. குப்பை கண்ணுக்குத் தெரியும், வண்டி வாங்கினால் படமும் எடுக்கலாம். சாக்கடையின் மண்வாட்டத்தைப் படமெடுக்க முடியாது. இந்த மானியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தல் தள்ளிப்போவதை அரசியல் செய்தியாகவே படிக்கிறோம். பாதியில் நிற்கும் வாறுகாலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

மேலிருந்து வரும் ஓட்டமும் சீராக இல்லை. ஜல் ஜீவனுக்கு 2024–25 வரவு செலவுத் திட்டத்தில் 70,163 கோடி ஒதுக்கப்பட்டு, திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாக இறங்கியது. 2025 பிப்ரவரியில் திட்டம் 2028 வரை நீட்டிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டுக்கு 67,000 கோடி என்று சொல்லப்பட்டது. இனிமேல் கட்டமைப்பின் தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் இருக்கும் என்ற அறிவிப்பும் உடன் வந்தது. கீழத்தெருக்காரர்கள் அந்தக் கவனத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் இதைப் பேசினேன். புதிதாக எதையும் கேட்கவில்லை. கீழத்தெருவுக்கு மட்டும் தனி நேரத்தில் வால்வைத் திறந்து அழுத்தத்தைக் கூட்டுவது, குழாய்களை மீண்டும் முழங்கால் உயரத்துக்கு ஏற்றுவது, பள்ளங்களை மண் போட்டு மூடுவது, வாறுகாலை இன்னும் எண்பது மீட்டர் நீட்டி ஊரணிக்கு முன்பாகவே ஒரு பொதுக் குழியில் விடுவது. தொட்டி இயக்கும் அண்ணன், அதிகாலை ஐந்து மணிக்குத் தனியாகத் திறந்தால் நீர் ஏறும் என்றும், தான் வரத் தயார் என்றும் சொன்னார். சின்னம்மா, பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் நீர் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். யாரும் எதிர்க்கவில்லை. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்த ஊராட்சிச் செயலர் மட்டும் பேனாவை நிறுத்திவிட்டு, குழாயை உயர்த்துவது குடிநீர்ச் செலவு, பள்ளத்தை மூடுவதும் வாறுகால் நீட்டுவதும் சுகாதாரச் செலவு, ஒரே வேலையாக எழுத முடியாது, எந்தத் தலைப்பில் போடட்டும் என்று கேட்டார். இரண்டு தீர்மானங்களாக எழுதினோம்.