பூட்டிக் கிடந்த பங்காளி வீட்டைத் திறந்த கதை

செட்டிநாட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடு, பல வீடுகளில் பூட்டு. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்து கட்டியவை. 1930களின் பொருளாதார மந்தமும் 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வருமானத்தை முடித்துவைக்க, பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் ஏறின. ஏறி என்ன, ஓடு சரிந்தால் யுனெஸ்கோவா வந்து மாற்றும்? காரைக்குடியில் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள், யார் வீட்டுத் தேக்குத் தூணோ சுவரில் சாய்ந்து நிற்கும்.

எங்கள் வீடும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. மராமத்துக்குப் பணம் தர ஆள் இருந்தார்கள், கையெழுத்துதான் கிடைக்கவில்லை. பத்திரம் கொள்ளுத் தாத்தா பேரில். அவருக்குப் பிறகு முறையாகப் பாகப்பிரிவினை நடக்கவே இல்லை, இந்த அறை இவருக்கு, அந்த அறை அவருக்கு என்று வாய்வார்த்தையோடு சரி.

முதலில் பெரியப்பச்சியிடம், அதாவது பெரியப்பாவிடம் போனேன். "விக்கிறதுக்கா, பாக்குறதுக்கா? அத மொதல்ல சொல்லு" என்றார். பராமரிக்கத்தான் என்றேன். "அப்ப அத எழுதிக் குடு, மத்தவங்ககிட்ட நான் பேசுறேன்" என்றார். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: பங்கு பிரிக்கும் பேச்சை எடுத்தால் வீடு விழும்வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். விற்கும் அதிகாரம் இல்லை, பராமரிக்கவும் வாடகைக்கு விடவும் மட்டும் என்று பவர் பத்திரத்தில் (ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) தெளிவாக எழுதியதும் பாதிப் பேர் இறங்கி வந்தார்கள்.

மீதி எல்லாம் தாலுகா அலுவலகப் படலம். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ், அதை வைத்து வாரிசுச் சான்றிதழ். இறப்பே பதிவாகாத ஒருவருக்காகக் கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருந்தது. அப்புறம் அத்தைமார். வீட்டுப் பங்கு ஆண் வழிக்குத்தான் என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு உண்டு, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் பங்கில் 1956 முதலே மகளுக்கு உரிமை உண்டு, 2005 திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாகவே உண்டு. அத்தைகள் தகராறு செய்வார்கள் என்று பயந்தோம். அவர்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ பவர் எழுதி அனுப்பலாம். ஆனால் அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கிறது.

வேலை தொடங்கியதும் ஒன்று புரிந்தது, கெடுதல் பெரும்பாலும் தண்ணீரால்தான். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைத் தண்ணீர் நடு வாசலில், அதாவது வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தில் கொட்டும், அங்கிருந்து தரைக்கடியில் ஓடும் கால்வாய் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் சேர வேண்டும். வாய்க்குழியில் வௌவால் எச்சமும் சருகும் இறுகி அடைத்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவரின் அடி ஊறி, சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக உரிந்து கிடந்தது. கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தார்கள், அடியில் ஒரு வெண்கலக் கரண்டிகூட வந்தது. சுவரில் வேர்விட்ட அரசங்கன்றுகளைப் பிடுங்குவதும் லேசில்லை, இழுத்தால் செங்கல்லோடு வருகிறது. சிமெண்ட் பூசிவிடலாமா என்று கேட்டதற்குப் பெரிய கொத்தனார் ஒரே கேள்வி கேட்டார்: "உள்ள இருக்க ஈரம் எங்கிட்டுப் போகும்?" சுண்ணாம்பிலேயே பூசினோம், செலவு கூடுதல்தான். பர்மா தேக்குக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஒரு பங்காளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் அறையைத் தொடவில்லை, ஆனால் அதன்மேல் இருந்த ஓடுகளையும் சேர்த்தே மாற்றிச் செலவைப் பொதுவில் எழுதிவிட்டோம். இப்போது முகப்பையும் வாசலையும் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம், ஓடு மாற்றவும் காவல்காரர் சம்பளத்துக்கும் வருகிறது. சினிமாக்காரர்கள் கேட்டார்கள், ஆணி அடிப்பார்கள் என்று பெரியப்பச்சி மறுத்துவிட்டார்.

இன்னொன்று, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாது. அதனால் வீட்டில் யார் தவறினாலும் காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டு, புது வாரிசுகளிடம் பவர் வாங்கிவிடுகிறோம்.